மன்னிப்புக்கு மூன்று மதிப்பெண்

மே 5, செவ்வாய்

புழுக்கம். எங்கள் ஈசூன் வட்டாரம் முழுக்க மேகம் கட்டிக்கொண்டு நிற்கிறது, பெய்யத்தான் மனசு வரவில்லை. புது நோட்டு. தேக்காவில் வாங்கியது, மை பின்பக்கம் ஊறுகிறது.

அலுவலகத்தில் இன்று மூன்று சோபா, ஒரு கட்டில். அதாவது அவற்றுக்கு விளம்பர வாசகம். இருபத்துநாலு வயது, பட்டதாரி, மெத்தையின் மென்மையைப் பற்றி ஆங்கிலத்தில் நூறு சொல். சம்பளம் வருகிறது, வாயை மூடிக்கொள்.

செய்ய வேண்டியவை:
– அம்மாவுக்குப் பொட்டலம் கட்டும் தாள், ரப்பர் பேண்ட் இரண்டு பாக்கெட்
– ரேணுவின் கால்குலேட்டருக்கு பேட்டரி
– பல் டாக்டர் (தள்ளிப்போடலாம்)
– 'ஏன்லா'வுக்கு ஒரு வாசகம், இன்றே

புது நோட்டு என்பதால் ஒரு முறை தெளிவாக எழுதிவைக்கிறேன். வெளியே யாரிடமும் சொல்ல முடியாது. 'ஏன்லா' என்ற இணையப் பக்கத்தை நடத்துவது மூன்று பேர்: ஹரீஷ், சல்மா, நான். யாராவது எங்காவது அநியாயம் செய்வதைப் படம் பிடித்தவர்கள் எங்களுக்கு அனுப்புவார்கள். ஹரீஷ் சத்தத்தை எடுத்துவிட்டு, ஆளைத் தலைமுதல் கால்வரை மஞ்சளால் நிரப்புவான். திருவிழாக் கடையில் விற்கும் பிளாஸ்டிக் பொம்மை மாதிரி ஆகிவிடும். அந்தப் பொம்மையைப் பார்த்து நான் தமிழில் வாசகம் எழுதுவேன். அசலை எனக்குக் காட்ட மாட்டான். எழுதுகிறவளுக்கு ஆளைத் தெரிந்தால் நியாயம் வளைந்துவிடுமாம், அதனால் இந்த விதி. சல்மா ஆங்கிலத்தில் போடுவாள், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கணக்கெடுப்பாள். பிறகு அந்த ஆள் பொதுவில் மன்னிப்புக் கேட்டால், அந்த மன்னிப்புக்குப் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போடுவதும் நான்தான். ஜனங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

நாங்கள் யார் என்று யாருக்கும் தெரியாது. வீட்டிலும். நாங்கள் மூவரும்கூட ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனதில்லை.

இன்றைய பொம்மை ஒரு பெண். ரேஸ் கோர்ஸ் ரோடு பக்கத்துத் திடல், ஞாயிற்றுக்கிழமை, வெளிநாட்டு ஊழியர்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கும் ஏதோ ஒரு தொண்டூழியர் கூட்டம். ஒருவர் பொட்டலத்தைப் பிரித்து ஒரு வாய் வைக்கிறார். மஞ்சள் பொம்மை ஓடிவந்து பிடுங்குகிறது. அவர் விடவில்லை. அது இழுக்கிறது. சோறு தரையில். ஒன்பது விநாடி.

நான் எழுதியது: "பசித்தவன் வாயிலிருந்து பிடுங்க வந்திருக்கிறாள். பாவம், கையுறை போட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறாள், கை அழுக்காகக் கூடாதல்லவா. ஏன்லா?"

ரயிலில் நின்றுகொண்டே நான்கு நிமிடத்தில். ஹரீஷிடமிருந்து உடனே பதில்: "செம்ம, மால். ரத்தம் வருது." சந்தோஷமாகத்தான் இருந்தது. சோபாவுக்கு யாரும் இப்படிச் சொன்னதில்லை.

வீட்டில் ரேணு சாப்பிடாமல் படுத்துவிட்டாள். இரண்டு நாளாக இப்படித்தான். வெயிலில் சுற்றியது ஒத்துக்கொள்ளவில்லை என்கிறாள் அம்மா. பதினெட்டு வயது, பல்கலைக்கழகத்துக்கு முந்திய தொடக்கக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு, என் தங்கை. தொட்டதற்கெல்லாம் கண் கலங்கும் பிறவி.

மே 6, புதன்

மழை, ஒருவழியாக. குடை அலுவலகத்தில்.

வாசகம் காலை ஏழரைக்குப் போனது. இந்த ஊரில் கோபத்துக்கும் நேரம் உண்டு. ஏழரை முதல் ஒன்பது ரயிலில். பன்னிரண்டு முதல் இரண்டு மக்கான் வரிசையில், மதியச் சாப்பாட்டுக்கு நிற்கும்போது. ஆறு முதல் எட்டு மறுபடி ரயிலில். நடுவே எல்லோரும் ஒழுங்காக வேலை பார்க்கிறார்கள். இதைக் கண்டுபிடித்தவள் சல்மா. அவளுக்கு யாராவது பட்டம் கொடுக்கலாம்.

கமெண்ட்டுகள், ரசித்தவை மட்டும்:
– "கையுறை போட்ட கொள்ளைக்காரி"
– "இவளுக்கு சர்டிஃபிகேட் குடுத்து யூனிவர்சிட்டி சீட்டும் குடுப்பாங்க பாருங்க லா"
– "அம்மா அப்பா வளர்ப்பு அப்படி" (இது எப்போதும் வரும், யாருக்கும் பொருந்தும்)
– "நானும் ஸண்டே ஹெல்ப் பண்ணப் போலாம்னு இருந்தேன், இதப் பாத்துட்டு மூடே போச்சு." போகாமலிருக்க ஒரு காரணம் கிடைத்த நிம்மதி எழுத்திலேயே தெரிகிறது.

முருகன் படம் வைத்த ஒரு கணக்கிலிருந்து ஒரே கமெண்ட் நான்கு முறை: "அந்த ஆள் நான்தான் மேடம். தங்கச்சி மேல தப்பு இல்ல. நல்ல பொண்ணு. தயவுசெஞ்சு எடுத்துடுங்க." போலிக் கணக்கு என்றான் ஹரீஷ். அசலாகவே இருந்தாலும் முதலாளி மிரட்டி எழுதவைத்திருப்பான் என்றாள் சல்மா. நான்கையும் மறைத்தேன். ஐந்தாவது வந்தது. ஆளையே முடக்கினேன்.

மதியத்துக்குள் யாரோ அசல் படத்தைத் தேடிப் பிடித்துவிட்டார்களாம். பெண்ணின் பெயர், பள்ளி எல்லாம் வேறு ஒரு பக்கத்தில் வந்துவிட்டதாம். நான் போய்ப் பார்க்கவில்லை, விதி. ஹரீஷ் சொன்னான்: "நாம பேரு சொல்லல. நம்ம கை கிளீன்." உண்மைதான். நாங்கள் பேர் சொல்வதே இல்லை. கதவைத் திறந்துவிட்டுத் தள்ளி நின்றுகொள்வோம், அவ்வளவுதான்.

பேட்டரி வாங்க மறந்தேன்.

மே 7, வியாழன்

என்ன வெயில் என்ன மழை என்று நினைவில்லை.

ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். அம்மா கையில் போனோடு வாசலிலேயே நின்றாள்.

"மாலு, ரேணு படம் என்னமோ நெட்ல வந்திருக்காம். அவ டீச்சர் போன் பண்ணாங்க. மாணவர் தலைவர் பொறுப்புலருந்து கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைக்கிறாங்களாம். ஏதோ 'லா'ன்னு முடியுற பேஜாம். நீதான் போன்லயே கெடப்பியே, என்னன்னு பாரு."

செருப்பைக் கழற்றினேன். ஒன்றைக் கழற்றி இன்னொன்றைக் கழற்ற எவ்வளவு நேரமானது என்று தெரியவில்லை.

ரேணு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் உட்கார்ந்ததும் அவளே பேச ஆரம்பித்தாள்.

"நான் புடுங்கினேன்தான் க்கா. ஆனா அந்தச் சாப்பாடு கெட்டுப்போயிருந்துச்சு."

"எந்தச் சாப்பாடு?"

"தேங்கா சாதம். நான் ஒரு பாக்கெட் ஓப்பன் பண்ணேன், ஒரு மாதிரி ஸ்மெல் வந்துச்சு. உடனே எல்லார்கிட்டயும் ஓடி ஓடித் திருப்பி வாங்கினேன். அந்த அண்ணன் மட்டும் ஆல்ரெடி சாப்பிட ஆரம்பிச்சிட்டாரு. பசி போல, விட மாட்டேன்னாரு. ஸோ இழுத்துட்டேன்."

"இத அங்கயே சொல்ல வேண்டியதுதான?"

கதவைப் பார்த்தாள். அந்தப் பக்கம் சமையலறையில் அம்மா வெங்காயம் நறுக்கும் சத்தம்.

"அம்மா செஞ்சது க்கா."

அப்பா வேறு குடும்பம் பார்த்துக்கொண்டு உட்லண்ட்ஸுக்குப் போன பிறகு இந்த வீட்டை ஓட்டுவது அம்மாவின் அடுப்பு. ஆபீஸ்களுக்கு மதியச் சாப்பாடு, சின்ன விசேஷங்களுக்குச் சமையல். ஞாயிற்றுக்கிழமைத் திடலுக்கு எண்பது பொட்டலம், ரேணுவின் கூட்டத்துக்காக, லாபம் பார்க்காமல். போன சனிக்கிழமை ஒரு நிச்சயதார்த்தச் சமையலும் சேர்ந்துகொண்டது. அவசரத்தில் சோற்றை ஆறவிடாமல் சூட்டோடு கட்டிவிட்டாள். அது யாரோ ஒருவரின் கார் டிக்கியில் மதியம்வரை வெந்திருக்கிறது. கெட்ட சோறு என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், அம்மாவிடம் அப்புறம் யாரும் டீகூட வாங்கிக் குடிக்க மாட்டார்கள். ரேணு கூட்டத் தலைவரிடம் பொட்டலம் குறைந்துவிட்டது என்று பொய் சொல்லி, எல்லாவற்றையும் குப்பையில் போட்டிருக்கிறாள்.

"அம்மாட்ட சொல்லாத க்கா. ப்ளீஸ். அவங்க தாங்க மாட்டாங்க."

போர்வையை இழுத்துவிட்டேன். அவளே சொன்னாள்:

"அந்தப் பேஜ் மேல எனக்குக் கோவம் இல்ல. அவங்களுக்கு உண்மை தெரியாது, தெரிஞ்சிருந்தா எழுதியிருக்க மாட்டாங்க. அவங்க ஃபேர் க்கா. அவங்களப் பாத்துத்தான் நானே ஸண்டே போக ஆரம்பிச்சேன்."

ஞாயிற்றுக்கிழமை அந்தத் திடலுக்குப் பத்துக் கூட்டம் வருகிறது. பிடுங்குகிற பெண் என்றதும் எனக்கு என் தங்கை ஞாபகத்துக்கே வரவில்லை. பூனையிடமிருந்து மீனைப் பிடுங்கச் சொன்னால்கூட இவள் பூனையிடம் மன்னிப்புக் கேட்பாள்.

அவமானம். பயம். கூடவே, அந்தக் கையுறை வரி நன்றாகத்தான் வந்திருக்கிறது என்ற நினைப்பும் வந்தது. எழுதாமல் விட்டால் இந்த நோட்டுக்கும் பொய் சொன்னதாகும்.

என்ன செய்யலாம்:
1. ஹரீஷிடம் சொல்வது. என்னைத் தூக்கிவிடுவார்கள். பக்கத்தில் எழுதியது யாரென்று வெளியே வரும்.
2. ரேணுவிடம் சொல்வது. முடியாது.
3. மன்னிப்புக் கேட்கவைப்பது. வழக்கமான வழி. ஒரு வாரத்தில் ஜனங்களுக்கு வேறு பொம்மை கிடைத்துவிடும்.

மூன்று.

மே 8, வெள்ளி

வெயில். அரை நாள் விடுப்பு, பல் வலி என்று சொல்லி. பல் உண்மையிலேயே வலிக்கிறது.

ரேணுவுக்கு மன்னிப்பு எழுதிக் கொடுத்தேன். இத்தனை பேருக்கு மதிப்பெண் போட்டதில் சூத்திரம் கைவசம் இருக்கிறது:
– கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து
– "யார் மனமாவது புண்பட்டிருந்தால்" கூடவே கூடாது (இரண்டு மார்க் போகும்)
– காரணம் சொன்னால் சாக்கு என்பார்கள், சொல்லாவிட்டால் திமிர் என்பார்கள். அரைக் காரணம் சொல்ல வேண்டும்
– "கற்றுக்கொள்கிறேன்" ஒரு முறை, இரண்டு முறை வந்தால் நடிப்பு
– அழுகிற படம் வேண்டாம்

எல்லோருக்கும் கிடைக்க வேண்டுமே என்ற பதற்றத்தில், வரிசை மீறியவர் என்று தவறாக நினைத்து, அப்படி நடந்துகொண்டேன் என்று எழுதினேன். பச்சைப் பொய். கெட்ட சோற்றைப் பிடுங்கிய பெண்ணை, வரிசைக்காகச் சோற்றைப் பிடுங்கிய பெண்ணாக ஆக்கியாயிற்று. தேர்வுத்தாள் திருத்துகிறவளே உட்கார்ந்து விடை எழுதுகிற மாதிரி இருந்தது.

ரேணு இரண்டு முறை வாசித்தாள்.

"நீ எப்படி க்கா இவ்ளோ நல்லா எழுதுற?"

"சோபாவுக்கு எழுதி எழுதித்தான்."

"எத்தன குடுப்பாங்க?"

"எட்டு கண்டிப்பா வரும்."

முதல் முறையாகச் சிரித்தாள். ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டாள். மாலை ஆறு மணிக்கு, ரயில் நேரம் பார்த்துப் போடச் சொன்னேன். நேரம் எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை, நல்லவேளை.

மே 9, சனி

காலை தோ பாயோ, சமூக மன்றம். திடலில் ஊழியர்கள் உட்கார நிழற்கூரை போட வேண்டும் என்று பேசும் கூட்டம். இரண்டு வாரமாக எங்கள் பக்கத்தில் கூவினோம். "வருகிறேன்" என்று அழுத்தியவர்கள் அறுநூறுக்கு மேல். வந்தவர்கள் பதினொன்று. அதில் இரண்டு பேர் இலவச பீஹூன் நூடுல்ஸுக்கு. பேச எழுந்த இளையர் ஒருவன், தன் போனைத் தானே பிடித்துப் படமெடுத்துக்கொண்டே பேசினான். கூரை பற்றி ஒரு வார்த்தை இல்லை. தலைமை தாங்கியவர் கொட்டாவியை அடக்கிய விதம் பாராட்டத்தக்கது.

பிறகு கீழே காப்பிக் கடையில் நாங்கள் மூவர். சல்மா மடிக்கணினியைத் திறந்தாள்.

"மன்னிப்பு வந்துருச்சு. மார்க் போடு மால். எல்லாரும் வெயிட்டிங்."

எட்டு என்று வாய்வரை வந்தது.

ஹரீஷ் கோப்பியைக் கலக்கிக்கொண்டே வாசித்தான். "ரொம்ப நல்லா இருக்கு. அதான் டவுட்டா இருக்கு. பதினெட்டு வயசுப் பொண்ணு எழுதுற தமிழா இது? யாரோ எழுதிக் குடுத்திருக்காங்க." பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தான். "சொல்லப்போனா, உன் ஸ்டைல் மாதிரியே இருக்கு."

சல்மாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன். காது சுட்டது.

"மூணு," என்றேன்.

"மூணா? கொஞ்சம் கம்மியில்ல?"

"மூணுதான் அதுக்கு. எழுதறேன் பாரு."

எழுதியது: "அழகான தமிழ், மூன்று மதிப்பெண். உண்மையான காரணம் எங்கே, தங்கையே? எதையோ மறைக்கும் மன்னிப்பு மன்னிப்பு இல்லை. மீதி ஏழு வேண்டுமென்றால் உண்மையைச் சொல்."

தங்கையே என்று எல்லோரையும்தான் எழுதுவோம். அது வழக்கம்.

ஹரீஷ் கை தட்டினான். சந்தேகம் போய்விட்டது. கோப்பிக்கு அவனே காசு கொடுத்தான்.

மே 10, ஞாயிறு

அன்னையர் தினம். விடியுமுன்னே அம்மா எழுந்து நாற்பது பெட்டிக்குச் சமைத்தாள், மற்றவர்களின் அம்மாக்களுக்கு. நாங்கள் அவளுக்கு வாழ்த்துச் சொல்ல மறந்தோம். அவளும் எதிர்பார்க்கவில்லை.

ரேணு எழுந்ததும் போனை நீட்டினாள். "மூணு க்கா."

"அவனுங்க கெடக்குறானுங்க, விடு."

"இல்ல க்கா. அவங்க கரெக்டாக் கண்டுபிடிச்சிட்டாங்க பாரேன். எதையோ மறைக்கிறேன்னு."

குளிக்கப் போய்விட்டேன்.

மதியம் ஃபேரர் பார்க்கில் இறங்கித் திடலுக்கு நடந்தேன். ஏன் போனேன் என்று தெரியாது. ரேணுவின் கூட்டம் வரவில்லை. "விசாரணை முடியும்வரை சேவை நிறுத்தம்" என்று வெள்ளிக்கிழமையே அறிவித்துவிட்டார்களாம், போனில் மட்டும். திடலில் இருந்தவர்களுக்கு யார் சொல்வது? நிறையப் பேர் வேலியோரம் காத்திருந்தார்கள். நிழல் இல்லை.

ஒருவரிடம் விசாரித்தேன். அவர் இன்னொருவரைக் கைகாட்டினார். நாற்பது வயதிருக்கும், புதுக்கோட்டைப் பக்கம், பெயர் முருகேசன். அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவள் என்று மட்டும் சொன்னேன்.

"தங்கச்சி எப்படிம்மா இருக்கு? அஞ்சு தடவ எழுதினேன்மா அந்தப் பேஜுல, நான்தான் அந்த ஆளு, அது நல்ல பொண்ணுன்னு. என்னையவே பிளாக் பண்ணிட்டானுங்க. அப்புறம் எனக்காக ஆயிரம் பேரு சண்ட போடுறாங்க. என்னைய உள்ள விடாம எனக்காக என்னம்மா சண்ட?"

"சாப்பாடு கெட்டுப்போயிருந்தது உங்களுக்குத் தெரியுமா?"

"வாயில வச்சதுமே தெரிஞ்சுச்சு. தங்கச்சி ஒண்ணும் சொல்லல, கடையில பரோட்டா வாங்கிக் குடுத்துச்சு. நானும் வெளிய சொல்லல. தானமாக் குடுக்குறத எப்படிம்மா குத்தம் சொல்றது? சொன்னா அடுத்த வாரம் வர மாட்டாங்களேன்னு பயம்." வேலியைப் பார்த்தார். "சொல்லாமலே வரல."

போகும்போது கேட்டார்: "யாரும்மா அந்தப் பேஜ நடத்துறது? உங்களுக்குத் தெரியுமா? நேர்ல பாத்தாச் சொல்லணும், அந்தப் பொண்ண விட்ருங்கன்னு."

தெரியாது என்றேன்.

"குரலற்றவர்களின் குரல்" என்று எங்கள் பக்கத்தின் தலையில் ஒரு வரி இருக்கிறது. எழுதியது நான். ரயிலில் உட்கார இடம் கிடைத்தது, ஈசூன் வரை தூங்கினேன். நன்றாகத் தூக்கம் வந்தது என்பதுதான் ஆச்சரியம்.

மே 12, செவ்வாய்

பகலில் மக்கான் வரிசையில் நிற்கிறேன், எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் போனில் என் தங்கை பேசுகிறாள்.

எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளம், கல் மேசை. பள்ளிச் சீருடை. எழுதி வைத்துக்கொள்ளவில்லை, திக்கித் திக்கிப் பேசுகிறாள். "முன்னாடி நான் போட்டது உண்மையில்ல. அது வேற ஒருத்தங்க எனக்காக எழுதிக் குடுத்தது. அவங்க மேலயும் தப்பில்ல. சாப்பாடு கெட்டுப்போயிருந்துச்சு, அதான் புடுங்கினேன். அது எங்கம்மா சமைச்சது. அவங்களுக்கு இது தெரியாது. ஸாரி அண்ணா. ஸாரிம்மா."

கடைக்காரர் என்ன வேண்டும் என்று மூன்று முறை கேட்டிருக்கிறார்.

ஹரீஷும் சல்மாவும் கொண்டாட்டம். "நம்ம மூணு மார்க்தான் உண்மைய வெளிய கொண்டாந்துச்சு" என்று ஹரீஷ். "பக்கம் ஆரம்பிச்சதுலேருந்து இதான் பெஸ்ட்" என்று சல்மா. இந்த முறை எத்தனை மார்க் என்று கேட்டார்கள். பத்து என்று அனுப்பினேன். அது ரேணுவுக்கு என்னால் ஆன உதவி.

கமெண்ட்டுகள் அதற்குள் திரும்பிவிட்டன. "இப்ப அம்மாவ மாட்டிவிடுறா." "ஃபாரின் ஒர்க்கர்னா கெட்டதக் குடுக்கலாமா?" "அந்தம்மாகிட்ட ஆர்டர் குடுத்தவங்க யாரு, கை தூக்குங்க."

வீட்டுக்கு வந்தபோது அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. வாடிக்கைக்காரி ஒருத்தி படத்தை அனுப்பியிருக்கிறாள், கூடவே கேள்விக்குறி மூன்று. அம்மா ரேணுவை அடிக்கவில்லை, கத்தவில்லை. ரசம் பாதியில் கொதித்துக்கொண்டிருந்தது, அடுப்பை அணைத்தாள்.

"எங்கிட்ட மொதல்லயே சொல்லியிருந்தா, அந்தப் புள்ளைங்க கால்ல விழுந்தாவது மன்னிப்புக் கேட்டிருப்பேனேடி. எண்பது பேரு. யாருக்காவது ஏதாவது ஆயிருந்தா?"

"அவங்க உண்மையச் சொல்லுன்னு கேட்டாங்கம்மா."

"யாரு?"

"அந்தப் பேஜுல."

"அவங்களுக்குத் தோணுனதுகூட எனக்குத் தோணல பாரு உன்னக் கேக்கணும்னு" என்றாள் அம்மா.

மே 14, வியாழன்

பல் டாக்டர். வேர்வரை போயிருக்கிறதாம்.

நின்றுபோன ஆர்டர்கள்:
– பிடோக் ஆபீஸ், மதியச் சாப்பாடு
– செங்காங் பிறந்தநாள்
– அந்த நிச்சயதார்த்தக்காரர்கள், கல்யாணத்துக்கும் சொல்லிவைத்திருந்தார்கள்
– நான்காவது மாடி நாயர் ஆன்ட்டி, வாரம் இரண்டு சாம்பார். இவளுமா

சமையலறையைப் பார்க்க அதிகாரிகள் வருவார்களாம். அம்மா ஏற்கெனவே சுத்தமாக இருந்த தரையை இரண்டு முறை தேய்த்தாள்.

மாலை ஹரீஷிடமிருந்து படம். நடைபாதையில் பெரிய பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போகும் ஒரு பெண், தலைமுதல் கால்வரை மஞ்சள். அனுப்பியது எங்கள் மாடியிலேயே யாரோ. பின்னால் தெரிவது எங்கள் வீட்டுச் செருப்பு அலமாரி, மேல்தட்டில் என் செருப்பு. "அந்தம்மாதான். நாளைக்கு ஏழரைக்குள்ள ஒரு வாசகம் வேணும், மால்."

பல் வலி, முடியாது என்றேன். பரவாயில்லை, சல்மா எழுதட்டும் என்றான். படத்தைப் போடாதே என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம் இருந்தது. முழுதாக ஒரு நிமிடம், போன் கையில், அவன் தட்டச்சு செய்துகொண்டிருப்பது திரையில் தெரிகிறது. சரி என்று அனுப்பினேன்.

மே 15, வெள்ளி

தூறல். துணி காயவில்லை.

சல்மாவின் வாசகம் வந்துவிட்டது. தட்டையான தமிழ். நான் எழுதியிருந்தால் இன்னும் வலித்திருக்கும் என்று நினைத்தேன், பிறகு அப்படி நினைத்ததற்காக என்னைத் திட்டிக்கொண்டேன், பிறகு எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று பார்த்தேன்.

ரேணு பள்ளிக்குப் போகிறாள். பத்து வாங்கியவள் என்பதால் யாரும் ஒன்றும் சொல்வதில்லையாம். யாரும் பேசுவதும் இல்லையாம். ஞாயிற்றுக்கிழமை இனி எங்கும் போவதாக இல்லை.

வேலை முடிந்து வந்ததும் அம்மா கூப்பிட்டாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மேசையில் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் வைத்திருந்தாள்.

"மாலு, அந்தப் பேஜுல நானும் மன்னிப்புக் கேட்டுப் போடணும். ரேணுக்கு நீதான எழுதிக் குடுத்த? எனக்கும் ஒண்ணு எழுதிக் குடு."

"வேணாம்மா. அவங்கல்லாம் ஒரு ஆளா? ஒரு வாரத்துல எல்லாரும் மறந்துடுவாங்க."

"மறந்தா மறக்கட்டும். தப்பு தப்புதான? எழுதுடி. ஆனா அவளுக்கு ஒப்பேத்துன மாதிரி ஒப்பேத்தாத, மூணுதான போட்டாங்க. விவரமானவங்க போல. பொய் சொன்னா அங்கேருந்தே கண்டுபுடிச்சிடுறாங்க."

தாளை என் பக்கம் தள்ளிவிட்டு எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அவளே சொல்லச் சொல்ல எழுதச் சொன்னாள். எத்தனை மணிக்கு அரிசி களைந்தாள், எத்தனை மணிக்குக் கட்டினாள், ஏன் ஆறவிடவில்லை. சனிக்கிழமை இடுப்பு வலி இருந்தது என்று சொன்னாள், பிறகு அதை அடித்துவிடு, சாக்கு மாதிரி இருக்கும் என்றாள். அந்த எண்பது பேரில் ஒருவர் பெயராவது தெரிந்தால் எழுதலாம், தெரியவில்லையே என்றாள். முருகேசன் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

இப்போது மூக்கைச் சிந்திக்கொண்டு வருகிறேன் என்று குளியலறைக்குப் போயிருக்கிறாள். அந்த இடைவெளியில் இதை எழுதுகிறேன். இதுவரை சொன்னதற்கு ஏழு போடலாம்.